கிழக்கே இருந்த கடல்

நான் கொஞ்சம் பெருமைக்காரன். வீட்டார் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.ஸி. சோதனையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேட சித்தி பெற்றவன் எங்கள் கடற்கரைத் தெருவில் அந்த வருடம் நான் ஒருத்தன்தான். முடிவு வந்த அன்று சாய்ந்தமருது முழுவதையும் ஒரு தடவை நடந்து முடித்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான் நடந்தேன். கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் படித்தவன் என்றால் ஒன்றில் வாத்தியார், இல்லாவிட்டால் கிளாக்கர். மகா கெட்டிக்காரன் என்றால் டொக்டர். எனக்கு இந்த மூன்றிலும் ஆசையில்லை. கல்முனை வாசிகசாலையில் பழைய பத்திரிகை ஒன்றில் ஓர் அறிவித்தல் பார்த்திருந்தேன். கொழும்பில் ஒரு கல்லூரியில் பிரயோக விஞ்ஞானம் என்று இரண்டு வருடப் படிப்பு. பொறிமுறை, சீமெந்து சுண்ணாம்பின் இரசாயனம், படம் வரைதல், நில அளவை எல்லாம் அதில் அடக்கம். முடித்தவர்களை நீர்ப்பாசனப் பகுதியும் தெருப் பகுதியும் நேரே வேலைக்கு எடுப்பார்கள் என்று போட்டிருந்தது.

அந்தக் காலத்தில் எங்களுக்கு மேற்கே காட்டை வெட்டிக் குளம் கட்டி, வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சம்மாந்துறைக்கு அப்பால் லொறி லொறியாகச் சீமெந்து போகும். லொறிக்குப் பின்னால் ஜீப்பில் போகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர். தண்ணீர் பாயப்போவது எங்கள் வயலுக்கு, அதை எங்கே பாய்ச்சுவது என்று கோடு கீறுகிறவன் மட்டும் வேறு யாரோ. நம்மவன் ஒருத்தன் அந்த ஜீப்பில் இருந்தால் வானமா இடிந்து விழும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இதைக் கடற்கரையில் விளங்கப்படுத்தப் போய் நான் பட்ட பாடு! வாப்பாவோடு கரைவலை இழுக்கிறவர்கள் வலையை உலர்த்திக்கொண்டே என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“டொக்டருக்கா படிக்கப் போறாய்?”

“இல்ல.”

“அப்ப வாத்தியாருக்கு?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னத்துக்குடா தம்பி கொழும்புக்கு? பேரே இல்லாத உத்தியோகமா?”

எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கவலை வேறு.

எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே வாப்பாவும் ஆண்மக்களும் சேர்ந்து வீட்டை எழுப்பிக் கொடுத்தால்தான் நாள் குறிப்பார்கள். எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. அவளுக்கு மருதமுனையில் நெசவு செய்கிற மாமி மகனைப் பேசி வைத்திருந்தது. வீட்டுக்கான முதிரை மரம் வளவின் பின்புறத்தில் கிடுகு போட்டு மூடிக் கிடந்தது. நான் வலைக்கு வந்தால் இரண்டு பருவத்தில் வீடு எழும்பிவிடும் என்பது வாப்பாவின் திட்டம். நான் கொழும்புக்குப் போனால் அவள் கல்யாணம் நான் உத்தியோகம் எடுக்கும்வரை நிற்கும்.

“படிக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல,” என்றார் வாப்பா. “வீட்ட எழுப்பிட்டுப் போ. ரெண்டு வருசம் சும்மா கிடந்தா மரத்தக் கறையான் தின்னும், நம்மள ஊர் தின்னும்.”

தங்கச்சி குசினிக்குள் இருந்தாள். கல்யாணப் பேச்சு நடக்கும்போது குமர்ப்பிள்ளை வெளியே தலை காட்டுவதில்லை. இவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராக வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வாப்பா, வீடு எனக்குத்தானே?”

“ஓம், வேற ஆருக்கு?”

“அப்ப நான் சொல்றன். காக்கா போகட்டும். வந்து எழுப்பட்டும்” என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

“வாய மூடு புள்ள!” என்று உம்மா பதறினார். அவள் மூடவில்லை. மாமி வீட்டுக்கு ஆள் அனுப்பி இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னதும் அவளுடைய வற்புறுத்தலில்தான். எனக்குச் சந்தோசம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். தோற்று வந்தால் இந்த முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற பயம் அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

மட்டக்களப்புக்கு பஸ், அங்கிருந்து ரயில். கொழும்பில் ஒரு வாடகை அறை, அறைத் தோழன் அதே வகுப்பில் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பொடியன். நல்ல கெட்டிக்காரன், வாய் மட்டும் பொல்லாத வாய்.

போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அறையில் அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டுகிறேன். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“குறை நினைக்காதையும் காணும். உங்கடை ஆக்கள் எல்லாரும் மற்றப் பக்கம் பாத்தெல்லோ தொழுகினம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் கடல் கிழக்கே. கடலுக்கு முதுகைக் காட்டினால் கிப்லா, மக்கா இருக்கிற மேற்குத் திசை. பள்ளிவாசல் மதில் தெரியாத இடத்தில்கூட அலைச் சத்தத்தை முதுகுக்குப் பின்னால் வைத்தால் சரி, யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதே பழக்கத்தில் கொழும்பிலும் கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறேன். இங்கே கடல் மேற்கே என்பது பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதிதான். புத்தியில் இருந்தது, உடம்பில் ஏறவில்லை. ஒரு சைவப் பொடியன் சொல்லி நான் கிப்லாவைத் திருத்திக்கொண்டேன். அந்த இரண்டு மூன்று நாள் தொழுகையையும் திருப்பித் தொழுதேன்.

நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் வீடுகளில் இடது, வலது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “வடக்கால கொஞ்சம் தள்ளி இரி”, “மேக்கால இரிக்கிற சட்டிய எடு” என்றுதான் பேச்சு. சகன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தாலும் திசை சொல்லித்தான் கறியைக் கேட்போம்.

படிப்பு எனக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்றா சொன்னேன், பைத்தியமே பிடித்தது! மணலும் கல்லும் சீமெந்தும் இன்ன அளவில் சேர்த்துக் கட்டி வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்போம். நான் வார்த்த கட்டி வகுப்பிலேயே கூடிய பாரம் தாங்கியது. சுண்ணாம்பைப் பற்றிப் பாடம் நடந்தபோது மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் சிப்பி சுடுகிற சூளையைப் பார்த்து வளர்ந்தவன். எந்த நெருப்புக்கு எப்படி வேகும், தண்ணீர் தெளித்தால் எப்படிக் கொதித்துப் பூக்கும் என்று எழுந்து நின்று சொன்னேன். அங்கே கண்ணால் கண்டதற்கு இங்கே காரணம் தெரிந்தது. இதுதான் பிரயோக விஞ்ஞானம் என்று ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

நில அளவையிலும் நான்தான் முன்னுக்கு. ஒரே ஒரு குறை. சங்கிலியைப் பிடித்து நேர்கோடு போட்டு, கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள மரம், மதில், கட்டடம் எவ்வளவு தூரம் என்று களப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். எல்லாரும் இடம், வலம் என்று எழுதுவார்கள். நான் கிழக்கு, மேற்கு என்று எழுதுவேன். எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒரு சிங்களவர், அதிகம் பேசாதவர். இரண்டு தடவை சிவப்பு மையால் கோடு போட்டு, “இடம், வலம் என்று எழுது” என்று எச்சரித்தார். திசை தெரிந்தவனுக்கு இடம் வலம் எதற்கு என்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லூரிக்குள்ளும் பூங்காவிலும் அளந்து பழகியபோது முதலில் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன், அதனால் ஒரு நாளும் பிழைக்கவில்லை.

இரண்டாம் வருட முடிவில் செயல்முறைச் சோதனை. இதில் சித்தியடைந்தவர்களின் பட்டியல்தான் திணைக்களங்களுக்குப் போகும். பட்டியலில் பேர் இல்லையென்றால் சான்றிதழும் இல்லை, உத்தியோகமும் இல்லை. அன்றைக்கு எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் கடற்கரையை ஒட்டிய ஒரு வெளி.

இரண்டு வருடத்துக்குப் பிறகு காலடியில் மணல், மூக்கில் உப்புக் காற்று. வாப்பாவின் வலை கரையேறுகிற இடத்தில் நிற்கிற மாதிரி ஒரு கலகலப்பு எனக்குள். மற்றவர்கள் திசைகாட்டியின் முள் ஆடி அடங்கும்வரை குந்திக்கொண்டு காத்திருந்தார்கள். கடற்கரையில் நின்றுகொண்டு வடக்கு எது என்று ஊசியைக் கேட்பதா! நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. மளமளவென்று சங்கிலி இழுத்தேன். கடல் பக்கம் இருந்ததெல்லாம் கிழக்கு, தெருப் பக்கம் இருந்ததெல்லாம் மேற்கு. படத்தை வரைந்து, கடலுக்கு நீலம் பூசி, மூலையில் அழகாக வடக்குக்கு அம்புக்குறியும் போட்டுக் கொடுத்துவிட்டேன். வகுப்பில் முதல் ஆளாக முடித்தவன் நான்தான். வெளியே வந்து கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு, இன்னும் வெயிலில் காய்கிறவர்களைப் பார்த்துக் கையும் காட்டினேன்.

மறுநாள் வகுப்பில் விரிவுரையாளர் என் படத்தை மேசையில் விரித்து என்னைக் கூப்பிட்டார்.

“கடல் எந்தப் பக்கம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கிழக்குப் பக்கம், சேர்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கு இன்னும் விளங்கவில்லை. அளவில் பிழை இருந்தால் காட்டுங்கள் என்று சூடாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திசைகாட்டியை எடுத்து, படத்தின் மேல் வைத்து, படத்தைக் கடல் இருக்கும் பக்கத்துக்குச் சரியாகத் திருப்பினார். முள் ஆடியது. நின்றது. நான் போட்ட அம்புக்கு நேர் எதிரே காட்டிக்கொண்டு நின்றது.

“அளவு ஒன்றும் பிழையில்லை,” என்றார். “நீ கொழும்பைத்தான் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறாய். இந்தப் படத்தைப் பார்த்து ஒருவன் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் யாருடைய காணிக்குப் போகும்?”

தண்ணீரின் கோட்டை நானே கீற வேண்டும் என்று வாய் கிழியக் கதைத்து வந்தவன், அதே கோட்டில் விழுந்தேன். சித்தியில்லை. ஒரு பாடத்தில் மட்டும் தவறியவர்களுக்கு ஆறு கிழமையில், ஒன்றரை மாதம் கழித்து, இன்னொரு தடவை வைப்பார்கள். அதிலும் தவறினால் இரண்டு வருடமும் மண். மற்றவர்களின் பேர் பட்டியலில் போய்விட்டது.

அறைக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். அறைத் தோழன் சித்தியடைந்திருந்தான். எனக்காகச் சந்தோசத்தை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருந்தான். பிறகு தாங்க முடியாமல், “கடல் எங்கை கிடக்குதெண்டு தெரியாத மீன்காரன் உலகத்திலை நீர் ஒராள்தான்” என்றான். அவனை அடிக்க எழுந்தவன் அப்படியே சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிந்ததும் அழுகை வந்தது. தங்கச்சியை நினைத்துத்தான் அழுதேன். அவளுடைய இரண்டு வருடத்தையும் ஒரு திசைகாட்டிப் பெட்டியைத் திறக்காத திமிரில் தின்றுவிட்டேனே!

அன்றே வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் வீட்டில் கடிதம் வாசிக்கிறவள் தங்கச்சிதான். அவள் பள்ளிக்கூடம் போனவளில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற முறையை ஓதுகிற இடத்தில் பழகியிருந்தாள், நானும் அதில்தான் அவளுக்கு எழுதுவேன். வாப்பாவுக்குக் கண் மங்கல், உம்மாவுக்குக் குர்ஆன் ஓத மட்டும் தெரியும். ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். தவறிவிட்டேன், ஆறு கிழமை கழித்து மீண்டும் சோதனை, அதிலும் தவறினால் வந்து வலை இழுக்கிறேன், வாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லு என்று.

அவளுடைய பதில் ஐந்தாறு வரிதான். “காக்காவுக்கு ஸலாம். கடிதம் கிடைச்ச. வாப்பாட்ட சொல்ல வேண்டியதச் சொல்லிட்டன், நீங்க அத யோசிக்க வேணாம். இந்த முற வேலயப் பாருங்க. நல்லாச் சாப்பிடுங்க.” ஒரு குத்தல் இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் சுட்டது.

அந்த ஆறு கிழமையில் நான் கற்றது முன்னைய இரண்டு வருடத்தில் கற்றதைவிடக் கூட. காலையில் பல் விளக்கும்போதே இடது கை, வலது கை என்று சொல்லிப் பார்ப்பேன். தெருவில் போனால் வலது பக்கம் மரம், இடது பக்கம் தபாற்பெட்டி என்று முணுமுணுப்பேன். அறைத் தோழன் வேலையில் சேரும்வரை என்னோடு அறையில் இருந்தான். மாலை தோறும் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து, “இடமோ வலமோ?” என்று என்னை வறுத்தெடுத்தான். அவன் செய்த உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இரண்டாம் சோதனை ஊருக்கு உள்ளே ஒரு தென்னந்தோட்டத்தில். கடல் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. ஆனாலும் முதல் வேலையாகத் திசைகாட்டிப் பெட்டியைத் திறந்தேன். முள் அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். அளந்ததைத் திரும்ப அளந்தேன். களப் புத்தகத்தில் இடம், வலம் என்று மட்டுமே எழுதினேன். எல்லாரும் போன பிறகு கடைசி ஆளாகப் படத்தைக் கொடுத்தேன்.

விரிவுரையாளர் அதே இடத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். படத்தின் மேல் திசைகாட்டியை வைத்தார். முள் என் அம்புக்குறியோடு ஒன்றாகப் படுத்தது.

“எந்த ஊர் நீ?” என்று இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். சொன்னேன். “உன் ஊர்ப் பக்கம்தான் வாய்க்கால் வேலைக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். நான் உன் பேரைக் கொடுக்கிறேன்” என்றார்.

மூன்றாம் நாள் பட்டியலில் என் பேர் ஒட்டியிருந்தது. அன்றைக்கே வீட்டுக்கு எழுதிப் போட்டேன். அடுத்த கிழமை அரசாங்க முத்திரையோடு நியமனக் கடிதம் வந்தது. சம்மாந்துறைக்கு மேற்கே வாய்க்கால் பகுதி, தொழில்நுட்ப உதவியாளர். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, ரயில் போகும் வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். மட்டக்களப்பில் பஸ் எடுத்து, கல்முனையில் இறங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பேரே இல்லாத உத்தியோகமா என்று கேட்டவர்களுக்கு வேலையின் பேரை இங்கிலீசில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டுப் படலையைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வளவின் தெற்குப் பக்கம் வெறுந்தரையாக இருந்த இடத்தில் ஒரு வீடு நின்றது. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. முதிரை மரம் அறுத்து நிலையும் வைத்தாகிவிட்டது. மேசன் ஒருவர் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். வாப்பாவின் வலைக் கூட்டாளிகள், என்னைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள், முறை வைத்துக் கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

“வாங்க எஞ்சினியர்!” என்று ஒருவர் கத்தினார். நான் எஞ்சினியர் இல்லை, ஆனாலும் திருத்தவில்லை.

வாப்பா ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் என்னைக் கட்டிப் பிடித்தது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான்.

“எப்ப வாப்பா தொடங்கின?”

“நீ பாஸ் எண்டு கடிதம் போட்டதும் அந்தக் கிழமையே அத்திவாரம் வெட்டிட்டமே! ரெண்டு மாசமாகப் போகுது. தங்கச்சிதான் வாசிச்சுக் காட்டினாள். என்ட மகன் கவுண்மேந்து உத்தியோகத்துக்கு வாறான் எண்டு சொன்னன், எல்லாரும் கை குடுத்தாங்க.”

நான் சித்தியடைந்து எழுதிப் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் எழுதியது ஒரே ஒரு கடிதம்.

தங்கச்சி குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். போய் நிலைப்படியில் நின்றேன். வெளியே கேட்காதபடி குரலை அடக்கித்தான் கேட்டேன்.

“நான் பெயில் எண்டுதானே எழுதின?”

“ஓம்.”

“வாப்பாட்ட நீ பாஸ் எண்டா வாசிச்சாய்?”

“ஓம்.”

“உனக்கென்ன பைத்தியமா புள்ள? அத்திவாரமும் வெட்டி, மரத்தயும் அறுத்து, ஊரையும் கூட்டி வெச்சிருக்காய். நான் மறுகாவும் பெயிலாகி வந்திருந்தா?”

அவள் கத்தியை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

“பெயிலாகிற ஆள நான் அனுப்பல்ல காக்கா,” என்றாள்.